மரியா மொண்டிசோரி அம்மையாரும் மூன்று வயதுக்கு முந்திய பிள்ளைகளும்

எமது பழைய மாணவிகள் சங்கம் நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் அன்புவழிபுரத்தில் வசிக்கும் எம்மிடம் கேட்டுக்கொண்டனர். யாரைப் பற்றி எழுதுவது என்று நாம் கூடிப் பேசியபோது பல பெயர்கள் வந்தன. விபுலாநந்த அடிகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டனர். நாவலர் பெருமானைப் பற்றி எழுத எம்மைவிடத் தகுதியானவர்கள் உள்ளனர். எம்முள் அரைவாசிப்பேர் இப்போது அம்மம்மாவாகவோ அப்பம்மாவாகவோ இருக்கிறோம். மகளோ மருமகளோ காலையில் வேலைக்குப் புறப்பட்டதும் கைக்குழந்தை எம் மடிக்கு வந்துவிடுகிறது. அன்றைய கூட்டத்துக்கும் இரண்டு பேரப்பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒன்று தடுக்கில் படுத்துக் கிடந்தது. மற்றது எமது செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவர்தான் மரியா மொண்டிசோரி அம்மையாரின் பெயரைச் சொன்னார்.

இலங்கையில் அவருடைய பெயரைக் கேளாதவர் இல்லை. ஆனால் ஆளை அறிந்தவர் குறைவு. நாம் சிறுமிகளாக இருந்த காலத்தில் மொண்டிசூரி என்பது அரிவரிக்கு முந்திய வகுப்பின் பெயர் என்றே எண்ணியிருந்தோம். அது ஒரு பெண்ணின் குடும்பப் பெயர் என்பதும், அப்பெண் இந்த நாட்டுக்கே வந்து கைக்குழந்தைகளைப் பற்றி விரிவுரை செய்தார் என்பதும் எமக்கு வெகுகாலம் சென்றே தெரியவந்தன.

அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியில், அங்கோனா நகருக்கு அருகிலுள்ள கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர். மகள் ஆசிரியையாக வரவேண்டும் என்பது அவர் விருப்பம். மகளோ வைத்தியம் படிக்க வேண்டும் என்றார். தாயார் ரெனில்டே மகளின் பக்கம் நின்றார். அக்காலத்தில் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து ஒரு பெண் பிரேதத்தை அறுத்துப் பயில்வது தகாது என்று கருதப்பட்டதால், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின்னர் தனியாக நின்று அப்பாடத்தைப் படித்தாராம். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் பெண்களுள் அவரும் ஒருவர்.

வைத்தியராக அவர் முதலில் சென்ற இடங்களில் ஒன்று மனநோயாளர் விடுதி. அங்கே, மூளை வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் ஒரு வெறும் அறையில் அடைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் நிலத்தில் விழுந்த பாண் துண்டுகளை அவர்கள் பொறுக்கி விளையாடினார்கள். பசி அடங்காத பிள்ளைகள் என்று பராமரிப்பாளர் முகஞ்சுளித்தார். அம்மையார் அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். கையால் தொட, உருட்ட, பிடிக்க அங்கே வேறு ஒரு பொருளும் இருக்கவில்லை. பசி வயிற்றுக்கல்ல, கைகளுக்குத்தான் என்று அவருக்குப் புரிந்தது. பிற்காலத்தில் அவர் செய்தவற்றுக்கெல்லாம் வித்து இந்த ஒரு பார்வைதான் என்பது எமது எண்ணம்.

1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதலாவது குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. அது எப்படி வந்தது என்பதை மலர் வாசகர்கள் அறிய வேண்டும், ஏனெனில் ஆரம்பத்தில் அதற்கும் கல்விக்கும் அதிக சம்பந்தம் இருக்கவில்லை. ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த அடுக்குமாடிகளை ஒரு நிறுவனம் திருத்திக் குடியமர்த்தியது. தாயும் தந்தையும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்குப் போகும் வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து, புதிதாக வெள்ளையடித்த சுவர்களைக் கிறுக்கிப் பாழாக்கினார்கள். சுவரைத் திரும்பத் திரும்ப வெள்ளையடிப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைப்பது மலிவு என்று நிறுவனத்தார் கணக்குப் பார்த்தார்கள். அந்தப் பொறுப்பு அம்மையாரிடம் வந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து, காவலாளியின் மகளை அவர்களுக்குப் பொறுப்பாக வைத்தார்கள். உலகமெங்கும் பரவிய ஒரு முறை, சுவர்களைக் காப்பாற்றும் யோசனையில் தொடங்கியது என்பதை நினைக்கும்போது எமக்குச் சிரிப்பும் வருகிறது.

அம்மையாருக்கு அது வெறும் காவல் வேலையாகத் தோன்றவில்லை. வேலைக்குப் போகும் பெண்ணின் தாய்மைக் கடமையில் ஒரு பங்கைச் சமுதாயம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் அந்த ஆண்டிலேயே பேசினார். பணக்காரி தாதியை வைக்கிறாள், ஏழைத் தாய் தெருவை நம்புகிறாள், இந்த வேற்றுமை நீங்க வேண்டும் என்பது அதன் சாரம். இல்லம் குடியிருப்புக்குள்ளேயே இருந்தது. தாய்மார் எந்நேரமும் வந்து எட்டிப் பார்க்கலாம். பிள்ளையைக் கழுவிச் சுத்தமாகக் கொண்டுவந்து விடுவது அவர்களுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளுள் ஒன்று. இன்று பல இடங்களில் பெற்றோரை வாசற்படியோடு நிறுத்திவிடுகிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சேரியில் திறந்திருந்த கதவு இப்போது ஏன் மூடப்பட்டது என்று எமக்கு விளங்கவில்லை.

சான் லொரென்சோவில் நடந்த ஒரு சிறு சம்பவம் எங்கள் எல்லோருக்கும் பிடித்தது. ஒருநாள் அம்மையார் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்தும் முறையைக் காட்டினார். லேஞ்சியை எப்படி மடிப்பது, சத்தமில்லாமல் எப்படித் துடைப்பது என்பதைத்தான் காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரித்தார்கள். அவர் புறப்பட்டபோது வாசல்வரை வந்து நன்றி சொன்னார்கள். மூக்கு வழிகிறது என்று எல்லோரும் அவர்களை ஏசியிருக்கிறார்கள், ஆனால் எவரும் பொறுமையாகக் கற்றுக் கொடுத்ததில்லை. மானம் என்பது பெரியவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்பதை அன்று அவர் கண்டுகொண்டார்.

இனி அவர் வாழ்வில் வெகுகாலம் மறைந்திருந்த பக்கத்துக்கு வருகிறோம். இதை மலரில் எழுதலாமா என்று எமக்குள் ஒரு தயக்கம் இருந்தது. எழுதாமல் விட்டால் வரலாறு பாதியாகிவிடும். 1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் திகதி அம்மையாருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை அவருடன் வேலை செய்த வைத்தியர் மொன்டெசானோ. அவர்கள் மணம் செய்யவில்லை. அக்கால இத்தாலியில் மணமாகாத தாய் என்று தெரிந்தால் வைத்தியத் தொழிலும் போயிருக்கும், பெயரும் போயிருக்கும். குழந்தை மாரியோ நாட்டுப்புறத்தில் ஒரு குடும்பத்திடம் வளரக் கொடுக்கப்பட்டான். மொன்டெசானோ பின்னர் வேறொரு பெண்ணை மணந்தார். அம்மையார் இடையிடையே போய் மகனைப் பார்த்தார், தாய் என்று சொல்லாமல். அவருடைய தாயார் 1912இல் காலமான பின்னரே, பதின்ம வயதில், மாரியோ அவரிடம் வந்து சேர்ந்தார். அப்போதும் ஊருக்கு மருமகன் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் அறிமுகம்.

சான் லொரென்சோவின் ஐம்பது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்த கைக்குத் தன் பிள்ளைக்குச் சோறு தீத்தக் கிடைக்கவில்லை. எங்களில் சிலர் அவரை மன்னிக்க முடியாது என்றார்கள். வேறு சிலர், அவருக்கு அன்று பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போய்வர ஒரு நம்பிக்கையான இடமும், அதை ஏற்கும் ஓர் ஊரும் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்றார்கள். வேலையா பிள்ளையா என்று ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்கும் கேள்வி இன்னும் ஓயவில்லை என்பதால், இந்த வாதத்தை நாம் முடிக்காமலே விட்டோம்.

அதன்பின் வந்த புகழைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1909இல் அவருடைய முதல் நூல் வெளிவந்தது. 1913இல் அமெரிக்கா சென்றார். ஸ்பெயினில் வாழ்ந்தார். 1929இல் மாரியோவுடன் சேர்ந்து சர்வதேச மொண்டிசோரி சங்கத்தை நிறுவினார். 1931இல் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்தார். முசோலினியின் ஆதரவைச் சில ஆண்டுகள் ஏற்றுக்கொண்டது அவர் வரலாற்றில் ஒரு கறையே. ஆயினும் பிள்ளைகளைச் சீருடைப் படையாக்க அவர் உடன்படவில்லை. 1934இல் இத்தாலியில் அவருடைய பள்ளிகள் மூடப்பட்டன. 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டு யுத்தம் வெடித்தபோது அங்கிருந்தும் வெளியேறி ஒல்லாந்துக்குப் போனார். யுத்தத்துக்காக வீட்டைப் பூட்டிவிட்டுப் புறப்படுவது எப்படிப்பட்டது என்று எம் ஊரவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

1939இன் இறுதியில் சென்னை அடையாற்றிலுள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று அம்மையாரும் மாரியோவும் இந்தியா வந்தார்கள். சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலும், பரதநாட்டியத்தால் நாம் அறிந்த ருக்மிணி தேவி அம்மையாரும் அவர்களை வரவேற்றார்கள். முதற் பயிற்சி வகுப்பில் முந்நூறு பேர் வரை சேர்ந்தார்கள். சில மாதங்களுக்கென்று வந்தவர்களை யுத்தம் பிடித்துக்கொண்டது. 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்கியதும் இருவரும் எதிரி நாட்டவர் ஆனார்கள். மாரியோ அகமதுநகர் முகாமில் அடைக்கப்பட்டார், அம்மையார் அடையாற்றை விட்டு நகரக் கூடாது என்று கட்டளை வந்தது. நாற்பது ஆண்டுகளில் இரண்டாவது தடவை அவரிடமிருந்து மகன் பிரிக்கப்பட்டார். ஆகஸ்ட் 31இல், அம்மையாரின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி, வைஸ்ராய் மாரியோவை விடுதலை செய்தார். அவ்வேளை வந்த தந்தி மாரியோவை அவருடைய மகன் என்றே வெளிப்படையாகக் குறிப்பிட்டது என்று வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர்.

பிறகு ஈராண்டு வரை கொடைக்கானல் மலையில் வாழ்ந்தார்கள். 1944இல் நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்தபோது இலங்கைக்கு வந்தார்கள். அந்த ஆண்டைத் திருகோணமலையார் வேறு விதமாக அறிவார்கள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசிய எமது துறைமுகத்தில் 1944இல் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் கப்பல்கள் திரண்டு நின்றன. துறைமுகமெல்லாம் பீரங்கியாக இருந்த அதே ஆண்டில், இதே தீவில், எதிரி நாட்டிலிருந்து வந்த எழுபத்து மூன்று வயது மூதாட்டி ஒருவர், பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித் தொடர் விரிவுரைகள் ஆற்றிக்கொண்டிருந்தார். அவ்விரிவுரைகளை ஞானப்பிரகாசம் என்பவர் தொகுத்து எழுத, சில ஆண்டுகளில் கொழும்பில் அது ஆங்கில நூலாக வெளிவந்தது. பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை என்ற பொருளில் அதன் தலைப்பு அமைந்தது. நமது நாட்டைச் சேர்ந்த லீனா விக்கிரமரத்ன அம்மையாரிடம் பயின்று, பின்னாளில் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் ஆசிரியைகளைப் பயிற்றுவித்தார்.

சான் லொரென்சோவில் அவர் எடுத்த பிள்ளைகள் பெரும்பாலும் மூன்று வயதைத் தாண்டியவர்கள். அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளை அவர் முழுமையாக எடுத்துப் பேசியது முதுமையில், இந்தியாவிலும் இலங்கையிலும்தான். எமது மண்ணில் பேசப்பட்டதை நாம் விட்டுவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துப் பழக்கும் இடத்துக்கு மட்டும் அவர் பெயரை வைத்துக்கொண்டோம்.

அப்படி என்ன சொன்னார்? கைக்குழந்தை ஒன்றும் அறியாத பச்சை மண் என்ற எண்ணத்தை அவர் மறுத்தார். சுற்றியுள்ள பேச்சையும் முகங்களையும் பழக்கங்களையும் குழந்தை முயற்சியின்றித் தனக்குள் இழுத்துக்கொள்கிறது, பெரியவர்கள் அறிவைச் சேமிக்கிறார்கள், குழந்தையோ அதனாலேயே ஆகிறது என்றார். ஆதலால் குளிப்பாட்டுவதும், துணி மாற்றுவதும், தீத்துவதும் கல்விக்கு முந்திய வேலைகளல்ல, அந்த வயதின் கல்வியே அவைதான். கால் கழுவும்போது காலைக் கழுவுகிறேன் என்று முகம் பார்த்துச் சொல்லும் ஒரு பெண்ணிடம் அந்தப் பிள்ளை நாளொன்றுக்கு எத்தனை சொல் கேட்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டு வரிசையில் எட்டுப் பிள்ளைகளைக் கழுவி விடுபவரிடமும் பிள்ளை சுத்தமாகத்தான் திரும்பும்.

ஒழுங்கைப் பற்றி அவர் சொன்ன கதை ஒன்று உண்டு. நேப்பிள்ஸ் அருகே ஒரு குகையைப் பார்க்கப் போன கூட்டத்தில் ஓர் இளந்தாய் ஒன்றரை வயதுப் பிள்ளையுடன் வந்தாள். களைப்பு மிகுதியால் தன் மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை வீரிட்டு அழத் தொடங்கியது. யார் தூக்கியும் அடங்கவில்லை. அம்மையார் அருகே போய், அங்கியைத் திரும்ப அணியச் சொன்னார். அணிந்ததும் அழுகை நின்றது. அங்கி இருக்க வேண்டிய இடம் தாயின் தோள், கை அல்ல. பிடிவாதம் என்று நாம் அடிக்கும் பல அழுகைகள் இவ்வகையானவை. எமது கூட்டத்தில் செருப்பை அடுக்கிய பேரனும், ஒருவர் தமது சோடியை எடுத்து மாட்டியதும் உதட்டைப் பிதுக்கினான்!

இதிலிருந்து நேர்சரிகளுக்கு ஒரு பாடம் உண்டு. குழந்தையைப் பார்ப்பவர் அடிக்கடி மாறக் கூடாது. இன்று ஒருவர், நாளை இன்னொருவர், அடுத்த வாரம் புதியவர் என்று வந்தால், எத்தனை விளையாட்டுப் பொருள் இருந்தாலும் பிள்ளைக்கு நிலம் உறுதிப்படாது. தாய் இல்லாத பொழுதில் தாயைப் போல் மாறாத ஒரு முகம் வேண்டும். பிள்ளைக்கு நடக்கத் தெரிந்ததும் அவசரப்படுத்தக் கூடாது என்பதையும் அம்மையார் வற்புறுத்தினார். இரண்டு வயதுப் பிள்ளை தன் போக்கில் விட்டால் ஒன்றிரண்டு மைல்கூட நடக்கும், ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் நின்று நின்று நடக்கும், நாம்தான் அதன் வேகத்துக்கு இறங்க வேண்டும் என்றார். குழந்தையை எங்கும் தூக்கிச் செல்லும் தாய்மாரை அவர் பாராட்டினார். சந்தைக்கும் கோயிலுக்கும் இடுப்பில் போகும் பிள்ளை குறைவாக அழுவதையும், ஊரையே பாடமாகப் படிப்பதையும் எழுதினார். மேல்நாட்டவர் பிள்ளையைத் தனி அறையில் கட்டிலில் கிடத்திவிடுவதைவிட இது மேல் என்பது அவர் தீர்ப்பு. ஏணையில் தாலாட்டு கேட்டு வளர்ந்த எமக்கு இது பெருமைதான். ஆனால் நடக்கத் தவிக்கும் பிள்ளையையும் இடுப்பிலிருந்து இறக்காத எமது வழக்கத்தை அவர் பார்த்திருந்தால் எம்மையும் விட்டிருக்க மாட்டார்.

அவருடைய மாணவி அடெலே கொஸ்தா ஞொக்கி 1947இல் ரோமில் கைக்குழந்தைப் பராமரிப்பாளருக்கென ஒரு பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். இந்த வழியில் வந்த நிலையங்களில் நடை பழகாத குழந்தைகளின் அறையைக் கூடு என்று அழைக்கிறார்கள், பறவைக் கூடுதான். கம்பி அடைத்த கட்டில் இல்லை. தரையில் தாழ்வான மெத்தை, விழித்த பிள்ளை தானே உருண்டு தவழ்ந்து வரலாம். அருகே சுவரில் ஒரு கண்ணாடி, எழுந்து நிற்கப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு. அமரப் பழகிய பிள்ளைக்குச் சிறு மேசையும் கதிரையும், உடையக்கூடிய சிறு கிண்ணமும். எமது அப்பம்மாமாரின் தடுக்குப் பாய்க்கும் இந்த மெத்தைக்கும் அதிக தூரமில்லை. செலவு அதிகம் வேண்டுவது பொருட்களுக்கு அல்ல, ஆட்களுக்கு. இங்கிலாந்தில் இரண்டு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி.

எமது நிலையைப் பார்ப்போம். இலங்கையில் பிரசவ விடுமுறை தனியார் துறையில் 84 நாட்கள். அரச சேவையில் முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாட்கள், அதற்குமேல் அரைச் சம்பளத்திலும் சம்பளமின்றியும் நீடிக்கலாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும்படி மருத்துவ மாது வீடு வந்து சொல்கிறார். மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையிலுள்ள அந்தப் பள்ளத்தைத் தாய் எப்படித் தாண்டுவது? மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தாய்மாருக்காகப் பிள்ளை மடுவங்கள் இருக்கின்றன, அவற்றின் குறைகள் எவ்வளவாயினும் அப்படியொரு தேவை உண்டு என்பதாவது அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கிறது. எம் பக்கத்தில் அந்தப் பள்ளத்தை அம்மம்மாவின் மடி நிரப்புகிறது. மடி இல்லாத வீடுகளும் உண்டு. யுத்தமும் கடலும் தாய்மாரைக் கொண்டுபோன வீடுகள் அவை, அந்தப் பெண்பிள்ளைகள்தாம் இப்போது தாய்மாராகி வேலைக்குப் போகிறார்கள்.

எமக்குத் தெரிந்த ஓர் இடத்தில் பதினைந்து குழந்தைகளுக்கு ஓர் இளம்பெண் இருந்தாள். தொலைக்காட்சி நாள் முழுவதும் ஓடியது. பிள்ளைகள் அழவில்லை, அதையே நல்ல பராமரிப்பு என்று எல்லோரும் நினைத்தோம். அந்தப் பெண்மீது குற்றமில்லை. அவளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை, கொடுத்த சம்பளமும் போதாது, ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாள் காலையில் எங்களில் ஒருவரின் பேத்தி வாசலில் நின்று அவளைத் தேடியது. வயது பதினாறு மாதம். பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல வராது. நான்கு நாட்கள் தேடியது. எமது சங்கம் நூற்றாண்டு நிதியில் வேறு எதைக் கட்டினாலும், முதலில் அப்படிப்பட்ட இரண்டு பெண்களுக்குப் பயிற்சியும் நிலையான சம்பளமும் கொடுக்கலாமே என்று நாம் செயற்குழுவுக்கு எழுதியிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை. மலர் வெளிவருமுன் வரும் என்று நம்புகிறோம்.

அம்மையார் 1946இல் ஐரோப்பாவுக்குத் திரும்பினார், அடுத்த ஆண்டே மீண்டும் அடையாற்றுக்கு வந்தார். அகமதாபாத்தில் ஆற்றிய விரிவுரைகளிலிருந்து உருவான அவருடைய பெரு நூல் 1949இல் அடையாற்றில்தான் அச்சாகியது. அந்த ஆண்டு முதல் தொடர்ந்து மூன்று ஆண்டுகள் சமாதானத்துக்கான நொபெல் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது, கிடைக்கவில்லை. 1952ஆம் ஆண்டு மே 6ஆம் திகதி ஒல்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில், எண்பத்தோராவது வயதில் காலமானார். அன்றும் ஆபிரிக்காவுக்குப் போய் ஆசிரியைகளைப் பயிற்றுவிப்பது பற்றி மாரியோவுடன் பேசிக்கொண்டிருந்தாராம். அந்த ஊர்க் கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற மரண சாசனத்தில் மாரியோவை மருமகன் என்றோ வளர்ப்புப் பிள்ளை என்றோ எழுதவில்லை. மகன் என்று எழுதியிருந்தார்.